வீட்டிற்கு இரண்டாவது கார் வேண்டுமா?

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து நாம் கோவில் வாயிலுக்கு வரும்பொழுது, முற்றத்தில் புதிய வண்டி ஒன்றேனும் மாலையணிந்து நில்லாத வாரம் அரிது. குடும்பத்தார் அனைவரும் சூழ்ந்து நிற்பர். முன்கண்ணாடியருகே புத்தம்புதிய செபமாலை தொங்கும். நாம் மந்திரித்து, தீர்த்தம் தெளித்து, முதற்பயணத்திற்கு விடை கொடுத்து அனுப்புவோம். பல்லாண்டுகளாக நமக்குப் பழக்கமான இனிய கடமை இது. ஆயின் அண்மைக் காலமாக ஒரு வேறுபாட்டைக் காண்கிறோம். மந்திரிக்கக் கொணரும் வண்டி அக்குடும்பத்தின் முதல் வண்டியாய் இருப்பது குறைந்து, இரண்டாவது வண்டியாய் இருப்பது மிகுந்து வருகிறது.

சென்ற தவக்காலத்தில் நம் பங்கைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் மாலை வேளையில் நம்மைக் காண வந்தார். சற்றுத் தயங்கியபின், "ஃபாதர், சங்கிலியை அடகு வைத்து வண்டி வாங்குவது தவறா?" என்று கேட்டார். அது அவருடைய தாயார் திருமணத்தன்று கழுத்தில் அணிவித்த சங்கிலி. கார் கடனுக்கு முன்பணம் ஒன்றரை லட்சம் கட்டவேண்டும். கையில் அவ்வளவு இல்லை. கணவருக்கு மறுநாளே கடையில் பதில் சொல்லவேண்டும். நாம் உடனே விடை கூறவில்லை. பணக் கணக்கில் குருக்கள் தலையிடுவது சிலருக்குப் பிடிப்பதில்லை என்பதும் நாம் அறிந்ததே. எனினும், கேட்க வந்தவரை வெறுங்கையோடு அனுப்பவும் மனம் வரவில்லை. "நாளை மாலை வீட்டிற்கு வருகிறோம், எல்லாரும் உட்கார்ந்து எழுதிப் பார்ப்போம்" என்றோம்.

அவ்வில்லம் தாம்பரத்திற்குக் கிழக்கே உள்ளது. குடும்பத் தலைவர் சோழிங்கநல்லூரில் பணிபுரிகிறார். காலை எட்டு மணிக்கு முன்னரே காரில் புறப்பட்டால் இரவு ஒன்பதுக்குத்தான் திரும்புவார். ஆசிரியைக்குக் குரோம்பேட்டையில் பள்ளி. மின்சார இரயில் அவருக்குப் போதும். மூத்த மகன் பிளஸ் டூ படிக்கிறான். மாலைத் தனிப்பயிற்சி முடிய ஒன்பது ஆகிவிடும். மகள் எட்டாம் வகுப்பு. இவர்களோடு, கணவரின் தாயார். வயது எழுபத்து நான்கு. முழங்கால் வலியால் ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் ஏற அவரால் இயலாது. அதிகாலைத் திருப்பலிக்கு நாள்தோறும் வந்தவர், ஓராண்டாய் ஞாயிறன்று மட்டும் வருகிறார். ஆக, வண்டி இல்லாமையின் பாரம் அவ்வீட்டில் எவர்மீது விழுகிறது என்பது, தாளை எடுக்கும் முன்னரே நமக்கு ஒருவாறு விளங்கிற்று.

சாப்பாட்டு மேசையில் அமர்ந்து எழுதினோம். மகன்தான் எழுதினான். அவர்கள் பார்த்து வைத்திருந்த கார், பதிவும் வரியும் காப்பீடும் சேர்த்துத் தெருவில் இறங்கும்பொழுது ஏழரை லட்சம் ரூபாய். முன்பணம் ஒன்றரை லட்சம் போக, ஆறு லட்சம் வங்கிக் கடன். ஒன்பது விழுக்காடு வட்டி, 60 மாதம். தவணை மாதம் 12,450 ரூபாய் வருகிறது. ஐந்தாண்டில் வங்கிக்குக் கட்டுவது 7,47,000. அதில் வட்டி மட்டுமே 1,47,000. முன்பணத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ ஒன்பது லட்சம். ஐந்தாண்டு கழித்து விற்றால் மூன்றரை லட்சம் கிடைக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டோம். மீதி ஐந்தரை லட்சத்தை அறுபதால் வகுத்தால் மாதத்திற்கு 9,100 ரூபாய். ஆண்டுக் காப்பீடு 18,000 என்றால் மாதம் 1,500. சர்வீஸ், டயர், பேட்டரி ஆகியவற்றிற்கு மாதம் 1,000. வண்டி துடைப்பவருக்கு 500. கூட்டினால் 12,100 ரூபாய்.

"இதில் பெட்ரோல் எங்கே?" என்று பாட்டி கேட்டார். பெட்ரோல் இன்னும் வரவில்லை! வாயிலில் அசையாமல் நிற்பதற்கே வண்டி கேட்கும் தொகை இது. மாதத் தவணையை மட்டும் பார்த்து, "பன்னிரண்டாயிரம்தானே, சமாளித்துவிடலாம்" என்று எண்ணும் குடும்பங்கள், விற்கும்பொழுது திரும்பி வருவதையும் கணக்கில் கொள்வதில்லை, தவணைக்கு அப்பால் போவதையும் கொள்வதில்லை. 2025 செப்டம்பரில் சிறு கார்களின்மீதான சரக்கு சேவை வரி 18 விழுக்காடாகக் குறைந்ததிலிருந்து, இப்பொழுது வாங்காவிட்டால் இழப்பு என்றதோர் அவசரமும் பலரைப் பற்றிக்கொண்டிருக்கிறது. விலை குறைந்தது உண்மையே. தேவை இல்லாத பொருள் எவ்வளவு மலிந்தாலும் செலவே.

பின்னர், இரண்டாவது வண்டிக்கு இவர்கள் வீட்டில் உண்மையில் என்ன வேலை என்று எழுதச் சொன்னோம். பாட்டி கோவிலுக்கு வந்துபோக நாளொன்றுக்கு நான்கு கிலோமீட்டர், மாதம் நூறு. மகனின் தனிப்பயிற்சிக்குப் போகவர இருபது நாளில் 120. பாட்டியை மருத்துவமனைக்கு மாதம் இருமுறை அழைத்துச் செல்ல அறுபது. உறவினர் வீடு, கடைவீதி, திருமணம் என்று ஒரு 120. மொத்தம் 400 கிலோமீட்டர். நகர நெரிசலில் லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடினால், கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய் வீதம் பெட்ரோல் 2,800. ஆக மாதம் 14,900 ரூபாய்.

இதே பயணங்களை ஆட்டோவிலும் கால் டாக்சியிலும் செய்தால்? தம் கைப்பேசியில் இருந்த பழைய பயணங்களின் கட்டணத்தைப் பார்த்து ஆசிரியையே சொன்னார். கோவிலுக்கு ஒருமுறை 60 வீதம் மாதம் 3,000. தனிப்பயிற்சிக்கு ஒருமுறை 80 வீதம் 3,200. மருத்துவமனைக்கு 1,500. மற்றவற்றிற்கு 3,000. மொத்தம் 10,700. மழை நாள், நெரிசல் நேரம் என்று கட்டணம் ஏறுவதற்காக இன்னும் 800 ரூபாய் கூட்டினாலும் 11,500. மாதம் மூவாயிரத்துக்கு மேல் மிச்சம். சங்கிலியும் கழுத்திலேயே இருக்கும். மாதம் ஏறத்தாழ அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடினால்தான் இவர்கள் வீட்டில் சொந்த வண்டி கணக்கில் வெல்லும் என்று மகன் வகுத்துக் காட்டினான். தனிப்பயிற்சிக்கு மிதிவண்டியில் போய்வந்தால் என்ன என்று நாம் அவனைக் கேட்டோம். அவன் கணக்கில் ஆழ்ந்திருந்தபடியால் அது செவியில் விழவில்லை போலும்.

இத்துடன் முடிந்தது என்று நாம் எழ முற்பட்டபொழுது பாட்டி சொன்னார்: "சாமி, கணக்கெல்லாம் சரிதான். கூப்பிட்டால் வருகிற வண்டியில் நான் போவேன். ஆனால் கூப்பிடுவது யார்? தினமும் விடியற்காலை மருமகளை எழுப்பி, 'அம்மா, வண்டிக்குப் போடு' என்று நான் கேட்கவேண்டுமே. கேட்டுக் கேட்டுப் போவதற்கு, போகாமலே இருந்துவிடலாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன்."

அவ்வீட்டில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. அம்மூதாட்டி ஓராண்டாய் வாராமைக்குக் காரணம் முழங்கால் என்றே நாம் எண்ணியிருந்தோம். அவருடைய மகனும் அவ்வாறே எண்ணியிருந்தார். மருமகள் மட்டும் தலைகுனிந்திருந்தார். காலை ஐந்தரைக்குச் சமையல், ஏழரைக்கு இரயில் என்று ஓடும் அவரைக் குறைகூறவும் இடமில்லை. கைப்பேசிச் செயலி வழியாக அழைக்கும் வண்டிகளைப் பற்றி நாள்தோறும் எத்தனையோ பேசுகிறோம். விரல் நுனியில் வாகனம் என்கிறோம். கண்ணாடி போட்டும் எழுத்துத் தெரியாத விரல்களுக்கு அது எட்டுவதில்லை என்பதை நினைப்பதில்லை. சொந்த வண்டி இருந்தாலும் பாட்டி அதை ஓட்டப்போவதில்லைதான். அப்பொழுதும் மகனையோ மருமகளையோதான் எழுப்பவேண்டும். எனினும், கேட்கவேண்டியிருக்கிறதே என்ற கூச்சத்தை எந்தக் கூட்டல் கழித்தலிலும் நாம் எழுதியிருக்கவில்லை.

இவ்வழைப்பு வண்டிகள் நம் நாட்டிற்கு வந்த வரலாறு நீண்டதன்று. ஓலா நிறுவனம் தொடங்கியது 2010-இல். அமெரிக்க நிறுவனமாகிய ஊபர் இந்தியாவில் கால்வைத்தது 2013-இல். அதே 2013-இல் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று கட்டணம் வகுத்தது. மீட்டர் பல வண்டிகளில் ஓடியதோ இல்லையோ, பேரம் பேசிச் சலித்த மக்களுக்குக் கைப்பேசியில் முன்கூட்டியே தொகை தெரிந்தது பெரும் ஆறுதலாயிற்று. தொடக்க ஆண்டுகளில் அந்நிறுவனங்கள் முதலீட்டாளரின் பணத்தை இறைத்துக் கட்டணத்தைக் குறைத்தும், ஓட்டுநருக்கு ஊக்கத்தொகை கொடுத்தும் வளர்ந்தன. அப்பொழுது பழகிய மலிவு விலையை இன்றும் எதிர்பார்க்கிறோம்.

'பகிர்வுப் பயணம்' என்று இதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். முன்பின் அறியாதோர் ஒரே வண்டியில் செல்லும் ஏற்பாடும் சிலகாலம் இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனா நோய் பரவியபொழுது ஓலாவும் ஊபரும் அதனை நிறுத்தின. உண்மையான பகிர்வைக் காண விரும்புவோர், தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்கோ மேடவாக்கத்திற்கோ போகும் ஷேர் ஆட்டோவில் ஒருமுறை ஏறிப் பார்க்கலாம். முழங்காலோடு முழங்கால் முட்ட, மீன் கூடையும் மடிக்கணினியும் அருகருகே செல்லும். பெயர் சூட்டுவோர் எவரும் அதில் ஏறியதாய்த் தெரியவில்லை.

அழைப்பு வண்டியின் குறைகளை மறைப்பதற்கில்லை. அவசரத்தில் அழைத்தால் ஒருவர் ஏற்றுக்கொண்டு, ஐந்து நிமிடம் கழித்து, "எங்கே போகவேண்டும்? கையில் பணமாகத் தருவீர்களா?" என்று கேட்டு ரத்து செய்வார். மழை வலுத்தால் வண்டியே வாராது. வந்தால் கட்டணம் ஏறியிருக்கும். 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப்போல் இருமடங்குக்கு மேல் வாங்கலாகாது. தக்க காரணமின்றி ரத்து செய்தால், ஓட்டுநராயினும் பயணியாயினும், கட்டணத்தில் பத்து விழுக்காடு, நூறு ரூபாய்க்கு மேற்படாமல், தண்டம் உண்டு. சொந்த வண்டி ஓட்டுபவருக்குக் கட்டணத்தில் 80 விழுக்காடேனும் சேரவேண்டும். மாநில அரசுகள் ஏற்றுச் செயற்படுத்த வேண்டிய நெறிகள் இவை.

பெண்மக்களை இரவில் தனியே அனுப்புவது பற்றித் தாய்மார் கேட்பது நியாயமான கேள்வி. வண்டியின் எண்ணும் ஓட்டுநரின் முகமும் கைப்பேசியில் கண்டபடி இருந்தால் மட்டுமே ஏறவேண்டும். இரகசிய எண்ணை அதன்பின்னரே சொல்லவேண்டும். வண்டி செல்லும் வழியை வீட்டிலுள்ளோர் பார்க்குமாறு பகிரும் வசதி எல்லாச் செயலியிலும் உண்டு. அதைப் பயன்படுத்தப் பெற்றோர் முதலில் கற்கவேண்டும். பின்னிருக்கையிலும் இடைவார் அணியவேண்டும். இவ்வளவும் செய்தபின்னும், இரவு பதினொரு மணிக்குத் தனியே வரும் மகளுக்காகத் தந்தை இரயில் நிலையத்தில் ஸ்கூட்டரோடு நிற்பதை எந்த நிறுவனமும் ஈடுசெய்யாது.

இனி, அவ்வண்டியின் முன்னிருக்கையில் அமர்ந்திருப்பவரைப் பற்றிச் சொல்லவேண்டும். இதில் நம்முடைய குறை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஐப்பசி மழையில் ஓர் இரவு, நோயாளி ஒருவருக்கு நோயில் பூசுதல் கொடுக்கச் செல்ல நாம் கைப்பேசியில் வண்டி அழைத்தோம். வண்டி வரப் பன்னிரண்டு நிமிடம் என்று காட்டிற்று. அதற்குள் பங்குப்பேரவை உறுப்பினர் ஒருவர் தம் காரில் வந்து சேர்ந்தார். நாம் அதில் ஏறிக்கொண்டு, அழைத்த வண்டியை ரத்து செய்தோம். தெருமுனையில் ஒரு மஞ்சள் எண்பலகை வண்டி தேங்கிய நீரில் தத்தளித்து வருவதைக் கண்டோம், கடந்து போனோம். கடமையின் அவசரத்தில் அதைப்பற்றி வேறொன்றும் நினைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, மகளின் ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டி ஓர் இளைஞர் பங்கு அலுவலகத்திற்கு வந்தார். பேச்சுக்கிடையில், "அன்றைக்கு மழையில் நீங்கள் கூப்பிட்ட வண்டி என்னுடையதுதான், ஃபாதர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நகைத்தபடியே சொன்னார். நான்கு கிலோமீட்டர் நீரில் வந்ததற்கு அவருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. சைலன்சரில் நீர் ஏறி மறுநாள் பழுதுபார்க்கச் செலவானது வேறு. நாம் நாணினோம். அன்றிரவு கோவிலுக்குள் நாம் ஒப்புக்கொடுத்த மன்றாட்டு எதைப்பற்றியது என்று சொல்லத் தேவையில்லை.

அவரோடு நீண்டநேரம் பேசினோம். அவர் ஓட்டும் காரும் கடனில் வாங்கியதே. தவணை மாதம் 13,000. இருபத்தாறு நாள் ஓட்டினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அதற்கே எடுத்துவைக்க வேண்டும். நாள்தோறும் 150 கிலோமீட்டர் ஓட எரிவாயுவுக்கு எழுநூறு ரூபாய் அளவில் ஆகிறது. அந்த 150-இல் பயணி இல்லாமல் ஓடுவதும் அடங்கும். கூலி கொடுக்காத அந்தத் தொலைவுக்கும் எரிபொருள் தேவைதானே. வாடகை வண்டியாதலால் காப்பீடு சொந்த வண்டியைவிட அதிகம். பெர்மிட் உண்டு, எஃப்.சி. உண்டு. முன்னர் நிறுவனங்கள் கட்டணத்தில் நான்கில் ஒரு பங்குவரை பிடித்துக்கொண்டன. இப்பொழுது சில நிறுவனங்கள், குறிப்பாக ஆட்டோக்களுக்கு, அம்முறையை விட்டு நாளுக்கு இவ்வளவு என்று சந்தா வாங்குகின்றன. அது சற்று மேல் என்கிறார். பன்னிரண்டு மணிநேரத்திற்குக் குறைந்து ஓட்டினால் வீட்டிற்குக் கொண்டுபோக ஒன்றும் மிஞ்சாது என்கிறார்.

"ஞாயிறு திருப்பலிக்கு வருகிறீரா?" என்று வழக்கம்போல் கேட்டோம். சனி இரவு முழுவதும் மீனம்பாக்கம் விமான நிலையப் பயணம். ஞாயிறு காலைதான் வாரத்திலேயே நல்ல வேட்டை. ஆகையால் பயணி எங்கே இறங்குகிறாரோ அங்கே அருகிலுள்ள கோவிலில் நுழைந்துகொள்வாராம். பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி கோவிலில் பாதித் திருப்பலி, பரங்கிமலையில் ஒரு நற்கருணை என்று ஓடுகிறது. ஒருமுறை காணிக்கைப் பவனியின்போது கைப்பேசி அடித்து, எல்லாரும் திரும்பிப் பார்த்ததையும் சொன்னார்.

நம் குடும்பங்கள் இரண்டாவது காரை வாங்காமல் மிச்சம் பிடிக்கும் மூவாயிரம் ரூபாய், இத்தகையோரின் தூக்கத்திலிருந்து வருவதாய் இருத்தலாகாது. கூலியாளுக்கு நீதியான கூலி என்பதை 1891-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் தம் சுற்றுமடலில் எழுதியபொழுது, முதலாளி யார், தொழிலாளி யார் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. இன்று முதலாளி கைப்பேசிக்குள் இருக்கிறான். ஒருவகையில் பார்த்தால், பயணம் முடியும் அந்த இருபது நிமிடத்திற்கு முதலாளி நாம்தான். நிதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய பணிகளில் 2020-21-இல் 77 இலட்சம் பேர் இருந்ததாய் மதிப்பிட்டது. இவர்களுக்காகத் தமிழக அரசு 2023-இல் தனி நலவாரியம் அமைத்தது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு இவர்களின் நலநிதிக்குச் செலுத்தவேண்டும். நலவாரியத்திலும் மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும் பதிவு செய்துகொள்ளாத ஓட்டுநர்கள் நம் பங்கிலேயே பலர். படிவம் நிரப்ப உதவி தேவைப்படுவோர் பங்கு அலுவலகத்திற்கு வரலாம். நம் இளையோர் இருவர் சனிக்கிழமை மாலையில் இதற்கென்றே அமர்கின்றனர்.

வண்டி அழைத்துவிட்டு ஓட்டுநரைக் காக்கவைப்பதும், வந்தபின் ரத்து செய்வதும், கதவை ஓங்கிச் சாத்துவதும், ஐந்து ரூபாய்ச் சில்லறைக்கு வாதாடிவிட்டு உணவகத்தில் ஐம்பது ரூபாய் வைத்துவிட்டு வருவதும் நம்மவர் செய்யாதவையல்ல. 2007-இல் உரோமையிலிருந்து சாலைப் பயண மேய்ப்புப்பணிக்கென ஓர் ஏடு வெளிவந்தது. வாகனம் ஓட்டுவோருக்கான பத்துக் கட்டளைகள் அதில் உண்டு. வாகனத்தை ஆற்றலையும் ஆதிக்கத்தையும் காட்டும் கருவியாக்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. ஓட்டுபவருக்குச் சொன்னதாயினும், பின்னிருக்கையில் சாய்ந்திருப்போருக்கும் பொருந்தும்.

தெருவைப் பற்றியும் ஒரு சொல். சென்ற திருவிழாவில் நம் பங்கின் தேர்ப்பவனி மூன்றாம் குறுக்குத் தெருவில் திரும்ப முடியாமல் முக்கால் மணிநேரம் நின்றது. தெருவின் இருமருங்கும் கார்கள். ஒரு வீட்டின் வாயிலில் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. வெளியே நின்றதன் உரிமையாளர் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தார். முடிவில் இளைஞர் பத்துப்பேர் அந்த வண்டியைப் பக்கவாட்டில் தூக்கி நகர்த்தினர். பாட்டுக்குழு ஒரே மாதா பாட்டை ஐந்துமுறை பாடியது. தேர் நின்றதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். அதே இடத்தில் ஆம்புலன்ஸ் நின்றால் சிரிக்க முடியுமா? திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' சுற்றுமடலில், ஓரிருவர் மட்டும் ஏறிச்செல்லும் எண்ணற்ற கார்கள் நகரங்களை நெரிசலாலும் புகையாலும் நிரப்புவதையும், பொதுப் போக்குவரத்துக்கு முதலிடம் தரவேண்டியதையும் குறிப்பிட்டார். நம் பகுதிக்கு 1931-லிருந்து மின்சார இரயில் ஓடுகிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. பேருந்து நிற்கும் இடத்திற்கு ஆட்டோவும், அங்கிருந்து பேருந்துமாகச் சென்றாலே பாதிச் செலவு குறையும் என்பதைக் கார் விளம்பரம் எதுவும் சொல்லாது.

இவ்வளவும் எழுதியதால், இரண்டாவது கார் வாங்குவோர் அனைவரையும் நாம் குறைகூறுவதாய் எவரும் எண்ணவேண்டாம். நம் பங்கில் வேறொரு வீடு உண்டு. அங்கே குடும்பத்தலைவிக்கு வாரம் மூன்றுமுறை டயாலிசிஸ். அதிகாலை நான்கரைக்குப் புறப்படவேண்டும். முடிந்து திரும்பும்பொழுது உடல் துவண்டிருக்கும். வண்டிக்காக மருத்துவமனை வாயிலில் நிற்க இயலாது. இருமுறை வண்டி ரத்தாகி அவர் படிக்கட்டில் அமர்ந்திருந்ததைக் கண்ட மகள், கார் ஓட்டப் பழகி, பழைய கார் ஒன்றைக் கடனின்றி வாங்கினாள். முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. அந்த வண்டியை மந்திரித்தபொழுது நம் கை சற்று நீண்டநேரமே தீர்த்தம் தெளித்தது. 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை கேட்டு வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாய் நிறுத்தினார்களே, அவ்வேளையில் அழைத்தால் எந்த வாடகை வண்டி வந்திருக்கும்? நோயாளி உள்ள வீட்டிற்கு வாயிலில் நிற்கும் வண்டி ஆடம்பரமன்று.

ஆசிரியையின் குடும்பம் அன்று முடிவெடுக்கவில்லை. கணவர் கடைக்கு ஒரு மாதத் தவணை கேட்டார். அம்மாதத்தைச் சோதனையாக ஓட்டிப் பார்ப்பது என்றும், போகும் ஒவ்வொரு பயணத்தையும் மகள் ஒரு நோட்டில் எழுதுவது என்றும் பேசிக்கொண்டனர். பாட்டியின் கோவிலுக்கு மட்டும் செயலி வேண்டாம் என்று நாம் சொன்னோம். கோவில் தெருவிலேயே வசிக்கும் ஆட்டோக்காரர் ஒருவரை மாத ஏற்பாட்டில் பேசினார்கள். அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் திருவிழாத் தேருக்கு ஆண்டுதோறும் பூக்கட்டித் தருபவர். மாதம் 3,500 கேட்டார். செயலியைவிட ஐந்நூறு அதிகமே. பேரம் பேசவேண்டாம் என்று பாட்டி தடுத்துவிட்டார். பணத்தையும் தம் முதியோர் உதவித்தொகையிலிருந்து ஒரு பகுதி சேர்த்துத் தாமே அவர் கையில் கொடுக்கிறார். எவரையும் எழுப்ப வேண்டியதில்லை, எவரிடமும் கேட்கவேண்டியதில்லை.

ஏழு மாதம் ஆகிறது. மகளின் நோட்டை நாம் பார்த்தோம். மூன்று மாதம் பதினோராயிரத்தைத் தாண்டவில்லை. மழை மாதத்தில் 13,400 ஆயிற்று. கணவர் அன்று சற்று முகம் சுளித்ததாய்க் கேள்வி. மகன் பிப்ரவரியில் தேர்வு நெருங்கும்வரை தனிப்பயிற்சிக்கு மிதிவண்டியில் போகச் சம்மதித்திருக்கிறான். சங்கிலி அடகுக்குப் போகவில்லை. கணவருக்குக் கார் ஆசை முற்றிலும் போய்விட்டதா என்று நாம் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

பாட்டி இப்பொழுது நாள்தோறும் முதல் வரிசையில் இருக்கிறார். அவருக்கு ஒரே குறை. "ஆறு மணிப் பூசைக்கு ஐந்தேகாலுக்கே வந்து ஆரன் அடிக்கிறான், சாமி. காபியைக் குடிக்க விடுவதில்லை" என்று சென்ற வாரம் முறையிட்டார். ஆட்டோக்காரரிடம் சொல்லிப் பார்க்கிறோம் என்றிருக்கிறோம்.